ராங்லரின் எஞ்சினைக் கெடுத்தது சூப்பர்சார்ஜரா, புல்லியா?

கேள்வி: ஷார்ஜாவில் வசிக்கிறேன். 2014ஆம் ஆண்டு ஜீப் ராங்லர், 3.6 லிட்டர் வி6 பெட்ரோல் வண்டி வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜரை, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருடன் பொருத்தினேன். ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. மே மாதம், சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் பெல்ட் சக்கரமான புல்லியை மட்டும் சிறியதாக மாற்றினோம். கூடுதல் காற்றழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டர் 6 பிஎஸ்ஐயிலிருந்து 9க்கு ஏறியது. ஜூலையில் மணல்மேடு ஏறும்போது சில்லறை குலுக்குவது போன்ற சத்தம் கேட்டது. அடுத்த வாரமே ஐந்தாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர் (தீ சரியாகப் பற்றாமை), நீலப் புகை, ஆயில் குறைவு. பொருத்திய கடைக்காரர் பெட்ரோல் சரியில்லை என்கிறார். நான் எப்போதும் போடுவது ஸ்பெஷல் 95. வேறொரு மெக்கானிக், இந்த எஞ்சின் சூப்பர்சார்ஜரைத் தாங்கவே தாங்காது என்கிறார். பழுது பார்ப்பதா, வேறு எஞ்சின் வாங்குவதா?

பதில்: போகிற போக்கில் புல்லியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் எஞ்சினின் கதை பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். புல்லியை "மட்டும்" மாற்றினோம் என்கிறீர்கள். அதற்கேற்ப எஞ்சின் கம்ப்யூட்டரின் டியூனிங்கை மாற்றவில்லை, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும் தொடவில்லை என்று அதற்குப் பொருள் கொள்கிறேன்.

உங்கள் வண்டியில் இருப்பது பென்டாஸ்டார் எஞ்சின். சாதாரண பெட்ரோலில் 285 குதிரைத்திறன் தருவதற்காக வடிவமைக்கப்பட்டது. கம்ப்ரஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் அழுத்தப்படும் அளவு, 10.2க்கு 1. பிஸ்டன்கள் வார்ப்பு அலுமினியத்தால் ஆனவை. வெப்பத்தைத் தாங்கும், சம்மட்டி அடியைத் தாங்காது. இருந்தும் சரியான டியூனிங், போதிய பெட்ரோல், வேலை செய்யும் இன்டர்கூலர் ஆகிய மூன்றும் இருந்தால் 6 பிஎஸ்ஐ பூஸ்டில் இது நன்றாகவே ஓடும். உங்கள் வண்டியே ஆறு மாதம் ஓடியிருக்கிறது. ஆகவே "தாங்கவே தாங்காது" என்ற தீர்ப்பை நான் ஏற்கவில்லை.

இப்போது கணக்கைப் பார்ப்போம். புல்லி சிறிதானால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுழன்று காற்றைக் கூடுதலாகத் தள்ளும். வளிமண்டல அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. அதன் மேல் 6 சேர்ந்தால் எஞ்சினுக்குள் செல்லும் அழுத்தம் 1.4 மடங்கு, 9 சேர்ந்தால் 1.6 மடங்கு. காற்று கூடும்போது பெட்ரோலும் கூட வேண்டும், ஆனால் இந்த வண்டியின் பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் டாங்கினுள் இருக்கிறது. அது எப்போதும் சுமார் 58 பிஎஸ்ஐயில்தான் அனுப்பும். எதிர்ப்புறத்திலிருந்து பூஸ்ட் 9 பிஎஸ்ஐ தள்ளும்போது இன்ஜெக்டருக்குக் கிடைப்பது 49 மட்டுமே. அதனால் இன்ஜெக்டர் ஊற்றும் அளவு ஏறக்குறைய 8 சதவீதம் குறைகிறது. மிக அதிகமாகப் பெட்ரோல் தேவைப்படும் கணத்தில்தான் மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்பது இந்த அமைப்பின் வினோதம். 6 பிஎஸ்ஐக்காக எழுதிய டியூனிங்கில் இதற்கு ஈடு இருந்திருக்கும்; 9க்கு இருந்திருக்க வாய்ப்பில்லை. மேலும் இந்த எஞ்சின் காற்றை நேரடியாக அளப்பதில்லை, காற்று உள்ளே போகும் குழாயான மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்தே கணிக்கிறது. பூஸ்டைப் படிக்கும் சென்சாரைக் கடைக்காரர் மாற்றியிருக்கிறாரா என்று கேளுங்கள். பழைய சென்சாரே இருந்தால், கூடுதல் காற்று வருவதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

அடுத்தது வெப்பம். 45 டிகிரி காற்றை 6 பிஎஸ்ஐக்கு அழுத்தினால், அறுபது சதவீதத் திறனுள்ள சூப்பர்சார்ஜரிலிருந்து அது சுமார் 100 டிகிரியில் வெளிவரும். 9க்கு அழுத்தினால் 120ஐத் தொடும். நெடுஞ்சாலையில் எதிர்காற்று இன்டர்கூலரைக் காப்பாற்றும். மணலில் டயர் காற்றை 15க்கு இறக்கி, 20, 30 கிலோமீட்டர் வேகத்தில், எஞ்சினை முழு மூச்சில் முடுக்கி ஏறும்போது அந்தக் காற்று இல்லை. மீட்டரின் முள் ஏறுவதைப் பார்த்து மகிழும் வயதை நானும் கடந்து வந்தவன்தான். ஆனால் அந்த முள் காட்டுவது அழுத்தத்தை மட்டுமே, காற்று எவ்வளவு கொதிக்கிறது என்பதை அது சொல்லாது.

பெட்ரோல் குறைந்து, காற்றும் கொதித்தால், தீப்பொறியிலிருந்து சீராகப் பரவ வேண்டிய தீ சிலிண்டரின் மூலையில் தானாகவே வெடிக்கும். நீங்கள் கேட்ட சில்லறைச் சத்தம் அதுதான், நாக்கிங் என்பார்கள். இதைக் கண்டறியும் நாக் சென்சார், தீப்பொறி விழும் நேரமான டைமிங்கைப் பின்தள்ளும், ஆனால் அடி விழுந்த பிறகே. அப்படி அடிபட்ட பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் இடையிலுள்ள மெல்லிய சுவர், பானையின் விளிம்பு போலச் சில்லாகப் பெயரும். ஆயில் மேலேறி எரிகிறது, நீலப் புகை வருகிறது. உங்கள் அறிகுறிகள் இதற்குப் பொருந்துகின்றன. பெட்ரோலைப் பொறுத்தவரை, 95 மோசமான பெட்ரோல் அல்ல. பூஸ்ட் உள்ள எஞ்சினுக்குச் சூப்பர் 98 போட்டிருக்க வேண்டும், அவ்வளவே. அதை வண்டியை ஒப்படைத்த அன்றே கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும்.

எஞ்சினைத் திறக்கும் முன் சில சோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள். ஆறு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்து, வெண்பீங்கானை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகளும் பளபளக்கும் நுண்ணிய உருண்டைகளும் ஐந்தாவதில் இருந்தால், அவை பிஸ்டனின் அலுமினியம். மற்ற ஐந்தில் ஏதாவது ஒன்றிலும் இருந்தால் சேதம் பரவியிருக்கிறது. பிறகு லீக்-டவுன் சோதனை: ஐந்தாம் சிலிண்டரில் காற்றைச் செலுத்தி, ஆயில் மூடியைத் திறந்து காதை வையுங்கள். அங்கே சீறினால் ரிங் அல்லது பிஸ்டன். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட். இந்த எஞ்சினின் ஆயில் ஃபில்டர் மேலேயே இருக்கும் காகித வகை என்பதால், மடிப்புகளை வெயிலில் விரித்துப் பார்ப்பது எளிது. காந்தத்தில் ஒட்டாத வெள்ளித் துகள் பிஸ்டனிலிருந்து வந்திருக்கலாம். செப்பு நிறச் செதில் தென்பட்டால் கனெக்டிங் ராடு பேரிங்கும் அடிவாங்கியிருக்கிறது.

செப்பு நிறம் இல்லை, சிலிண்டர் சுவரிலும் கீறல் இல்லை என்றால் பழுது பார்ப்பதே நல்லது. ஆனால் ஒரு பிஸ்டனை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். அதே நாக்கிங்கைத் தின்ற மற்ற ஐந்தும் உள்ளேதான் இருக்கின்றன. 9 பிஎஸ்ஐதான் வேண்டும் என்றால் வார்க்காமல் அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன்களைப் போட்டு, கம்ப்ரஷனை 9.5 அளவுக்கு இறக்க வேண்டும். பெரிய இன்ஜெக்டரும் பெட்ரோல் பம்பும் வேண்டும். சுவர் கீறியிருந்தாலோ பேரிங் போயிருந்தாலோ, குறைந்த கிலோமீட்டர் ஓடிய பயன்படுத்திய எஞ்சினே மலிவாக முடியும். அப்படி வாங்கினால் பழைய பெரிய புல்லிக்குத் திரும்பிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஜூலையில் இரண்டாவது எஞ்சினும் இதே சத்தம் போடும்.

எந்த வழியானாலும் இன்டர்கூலர் பம்பைச் சோதியுங்கள். பல கிட்டுகளில் அதற்கெனத் தனித் தண்ணீர்த் தொட்டி உண்டு; எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து பம்பை ஓடவிட்டால் தண்ணீர் சுழல வேண்டும். அசையாமல் நின்றால் ஃபியூஸ் போயிருக்கலாம், குழாயில் காற்று அடைத்திருக்கலாம், பம்பே செத்திருக்கலாம். ஸ்பார்க் பிளக், வெப்பத்தை விரைவாகக் கடத்தும் ஒரு படி குளிர்ந்த ரகமாகவும், இடைவெளி 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டராகவும் இருக்கட்டும். ஏர் ஃபில்டர் பெட்டியின் ரப்பர் விளிம்பில் மணல் புகுந்த தடம் உண்டா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

டியூனிங் முடிந்ததும் வண்டியை உடனே மணலுக்குக் கொண்டுபோகாமல், தார்ச்சாலையில் மூன்றாம் கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து அளவீடுகளைப் பதிவு செய்து தரச் சொல்லுங்கள். முழு பூஸ்டில் காற்றுக்கும் பெட்ரோலுக்குமான விகிதம் 11.5க்கும் 12க்கும் இடையே நிற்க வேண்டும், இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, நாக் சென்சார் டைமிங்கைப் பின்தள்ளியதாகப் பதிவு இருக்கக் கூடாது. அந்தப் பதிவைக் கையில் வாங்கிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.