மருத்துவர் பதில்: தோலின் எதிர்ப்புச் செல்கள் மீண்டும் உருவாகுமா?

கேள்வி: எனக்கு வயது 46. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை பார்க்கிறேன். இடுப்பிலும் தொடையிலும் வந்த படர்தாமரைக்கு, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய களிம்பை ஒரு வருடத்துக்கும் மேலாகத் தடவி வந்தேன். தடவினால் அடங்கும், நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகப் படரும். தோல் மருத்துவரிடம் காட்டியபோது, அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு இருக்கிறது, தோலின் எதிர்ப்புச் செல்கள் குறைந்திருக்கும் என்றார். ஆனால் இரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுக்கள் சரியாகவே இருக்கின்றன. எல்லா எதிர்ப்புச் செல்களும் எலும்பு மஜ்ஜையிலிருந்து இரத்தம் வழியாகத்தான் வரும் என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். அப்படியென்றால் எனக்குக் குறை எதுவும் இல்லைதானே? குறைந்திருந்தால் அவை திரும்ப வருமா? எதிர்ப்புச் சக்திக்கு மாத்திரை எடுக்கலாமா?

பதில்: திரும்ப வரும். அந்தக் கவலையை முதலில் விட்டுவிடுங்கள். ஆனால் இரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதை வைத்துத் தோலும் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. உங்கள் மகள் சொல்வது தோலில் உள்ள பல செல்களுக்குப் பொருந்தும். ஆனால், களிம்பு தடவிய மேல்தோலில் காவல் காக்கும் முக்கியமான செல்லுக்குப் பொருந்தாது.

அந்தச் செல்லின் பெயர் லாங்கர்ஹான்ஸ் செல். 1868-இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ், தங்கக் குளோரைடு கொண்டு தோலுக்குச் சாயமேற்றிப் பார்த்தபோது, கிளை விரித்த இந்தச் செல்களைக் கண்டு, அவற்றை நரம்புச் செல்கள் என்று கருதினார். அவை எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்தவை என்பது தெளிவாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. மேல்தோலில் உள்ள செல்களில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரைதான் இவை. ஆனால் ஒவ்வொன்றும் தன் கிளைகளை அண்டைச் செல்களின் இடுக்குகளில் நுழைத்து, பூஞ்சையோ கிருமியோ நுழைந்தால் அதன் துணுக்கை விழுங்கி, அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்கு எடுத்துச் சென்று, அங்கிருக்கும் டி செல்கள் என்னும் வெள்ளையணுக்களுக்கு அடையாளம் காட்டுகிறது. காலில் புண் வந்தால் அரையில் நெறி கட்டுகிறதே, அது இப்படிப்பட்ட தகவல் போய்ச் சேரும் இடம்தான்.

இந்தச் செல்களின் முன்னோடிகள், எலும்பு மஜ்ஜை இரத்தம் உற்பத்தி செய்யத் தொடங்கும் முன்பே, தாயின் வயிற்றில் இருக்கும் கருவின் கருவுணவுப் பையிலும், பிறகு அதன் கல்லீரலிலும் தோன்றி, பிறப்பதற்கு முன்பே தோலுக்கு வந்து குடியேறிவிடுகின்றன. அதன்பின் அவை இருக்கும் இடத்திலேயே மெதுவாகப் பிரிந்து தம் எண்ணிக்கையைத் தாமே காத்துக்கொள்கின்றன. அதற்கு வேண்டிய வளர்ச்சிச் சமிக்ஞைகளில் ஒன்றான இன்டர்லியூக்கின்-34 என்னும் புரதத்தைச் சுற்றியுள்ள தோல் செல்களே சுரக்கின்றன. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், சுண்டெலிகளின் எலும்பு மஜ்ஜையை மாற்றி இரத்த அணுக்கள் எல்லாம் புதியவையான பிறகும், மேல்தோலின் லாங்கர்ஹான்ஸ் செல்கள் பழையவையாகவே நீடித்தன. மனிதரிலும் சான்று உண்டு. 2018-இல் நம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் செய்ததைப் போன்ற இரு கை மாற்று அறுவை சிகிச்சையைப் பிரான்ஸில் முன்பே செய்துகொண்ட ஒருவரிடம், ஆண்டுகள் கழித்துப் பொருத்திய கையின் தோலை ஆராய்ந்தபோதும், அங்கிருந்த லாங்கர்ஹான்ஸ் செல்கள் கையைத் தானம் அளித்தவருடையவையாகவே இருந்தன.

அப்படியானால் இரத்தத்துக்கு இதில் பங்கே இல்லையா என்றால், உண்டு. கடும் வெயிலாலோ அழற்சியாலோ ஓரிடத்தில் இந்தச் செல்கள் பெருமளவு அழிந்துபோனால், இரத்தத்திலிருந்து மோனோசைட் என்னும் வெள்ளையணுக்கள் மேல்தோலுக்குள் நுழைந்து, காலியான இடத்தை நிரப்புகின்றன. மேல்தோலுக்கு அடியில் உள்ள அடித்தோலில் நிலைமை வேறு: அங்கே இதேபோல் கிருமியை அடையாளம் காட்டும் டென்ட்ரிட்டிக் செல்கள் எலும்பு மஜ்ஜையிலிருந்து தொடர்ந்து வந்துகொண்டே இருக்கின்றன. உங்கள் மகளின் பாடம் இங்கே சரியாகப் பொருந்துகிறது.

மூன்றாவது வகை, முன்பு கண்ட எதிரியை நினைவில் வைத்துக்கொண்டு தோலிலேயே தங்கிவிடும் டி செல்கள். ஒருவரின் தோல் முழுவதிலும் சுமார் 2,000 கோடி டி செல்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இரத்தத்தில் ஓடுபவற்றைப் போல இது ஏறத்தாழ இரு மடங்கு. சிலருக்குக் குறிப்பிட்ட வலி மாத்திரையை விழுங்கும்போதெல்லாம், உதட்டிலோ கையிலோ முன்பு வந்த அதே இடத்தில் கருஞ்சிவப்புத் திட்டு எழுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்த இடத்தில் குடியிருக்கும் டி செல்களின் வேலை அது; அவர்களின் இரத்த அறிக்கை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். கையிலிருந்து எடுக்கும் சில மில்லி இரத்தம் தோலில் வாழும் இந்தச் செல்களைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி உங்கள் களிம்பு. இப்படி விற்கப்படும் கலவைகளில் பெரும்பாலும் க்ளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டு ஒன்றும், பூஞ்சை மருந்து ஒன்றும், ஆன்டிபயாட்டிக் ஒன்றும் சேர்ந்திருக்கும். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் ஓரிரு நாளில் அடக்கிவிடுவதால் குணமாகிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அது லாங்கர்ஹான்ஸ் செல்களின் எண்ணிக்கையைக் குறைத்து, மீதமுள்ளவற்றின் செயலையும் மந்தமாக்குகிறது. எதிர்ப்பார் இல்லாத தோலில் பூஞ்சை தாராளமாகப் பரவுகிறது. மருந்துச் சீட்டு இல்லாமல் இத்தகைய களிம்புகளைக் கொடுப்பது நோயாளிக்குச் செய்யும் தீங்கு என்பதில் எனக்குச் சிறிதும் ஐயம் இல்லை.

களிம்பை நிறுத்தியபின், தப்பிய செல்கள் பெருகியும் இரத்தத்திலிருந்து புதியவை வந்தும், சில வாரங்களில் எண்ணிக்கை பெரும்பாலும் மீண்டுவிடும். களிம்பு தடவிய காலத்தில் தோலில் வரிகள் விழுந்திருந்தால், அவை மட்டும் முழுமையாக மறையாது. தொடை இடுக்கில் அப்படி ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள்.

எதிர்ப்புச் சக்தி மாத்திரை வேண்டாம். துத்தநாகம் கடுமையாகக் குறைந்தவர்களுக்கு இந்தச் செல்கள் குறைவது உண்மை, ஆனால் அது சாதாரணமாக உண்டு உழைக்கும் ஒருவருக்கு வரும் குறை அல்ல. அந்தப் பணத்தில் இரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். உங்கள் வயதில் விடாத படர்தாமரைக்குப் பின்னால் சர்க்கரை நோய் ஒளிந்திருக்கலாம்.

களிம்பை நிறுத்தியதும் சில நாட்கள் அரிப்பும் சிவப்பும் கூடும்; அதற்குப் பயந்து மறுபடி அதே களிம்பை எடுக்காதீர்கள். அதிகப் பரப்பில் நெடுநாள் தடவியிருப்பதால், நிறுத்தும் முறையையும் பூஞ்சைக்கு உட்கொள்ளும் மாத்திரையையும் தோல் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். தனியார் செலவு தாங்காது என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவு உங்களுக்கு அருகில்தான். மாத்திரையை அவர் சொல்லும் நாள்வரை, அரிப்பு நின்ற பிறகும் தொடருங்கள். ஆயில் படிந்த, வியர்வையில் நனைந்த வேலை உடையை வீட்டுக்கு வந்ததும் மாற்றி, உள்ளாடையையும் துண்டையும் தனியே துவைத்து வெயிலில் காயவையுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பழைய களிம்பின் ட்யூபை மருத்துவரிடம் காட்ட மறக்க வேண்டாம்.