கேள்வி பதில்: மலைப்பாதையின் நீளத்தை அளப்பது எப்படி?

கேள்வி: மேட்டுப்பாளையம் – உதகை மலை ரயில் பாதையை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து இறக்கி, பைத்தான் நிரல்மொழியில் வரைபடத் தரவைக் கையாளும் ஜியோபாண்டாஸ் நூலகத்தால் நீளம் கணக்கிட்டால் 0.42 என்று வருகிறது. பாதை செங்குத்தாக ஏறுவதால் உயரத்தையும் சேர்க்க வேண்டுமா? இதற்கு விலைகொடுத்து வாங்கும் மென்பொருள்தான் தேவையா?
— கல்லூரி மாணவி, குன்னூர்

பதில்: விலைகொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஜியோபாண்டாஸ், கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், போஸ்ட்ஜிஐஎஸ் என்ற வரைபடத் தரவுத்தள நீட்சி மூன்றுமே வடிவியல் கணக்குகளுக்கு ஜியோஸ் என்ற திறந்த மூல நூலகத்தையே பெரிதும் நம்பியிருக்கின்றன; உங்கள் கணக்குக்கு இத்தகைய இலவச மென்பொருள்களே போதும்.

0.42 என்பது பாகைக் கணக்கில் வந்த நீளம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் புள்ளிகள் அட்சரேகை, தீர்க்கரேகைகளாக இருக்கின்றன. நூலகமோ அவற்றைச் சமதளத் தாளில் குறித்த எண்களாகவே எடுத்துக்கொள்கிறது. நீலகிரிப் பகுதியில் ஒரு பாகை ஏறத்தாழ 110 கிலோமீட்டர் என்பதால் 0.42 பாகை சுமார் 46 கிலோமீட்டராகிறது. பாதையின் உண்மை நீளமும் அதுவே. நிலையங்களின் கிளைத் தண்டவாளங்களை நீங்கள் முன்பே நீக்கிவிட்டீர்கள் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. ஆனாலும் 110 ஆல் பெருக்கும் குறுக்குவழி வேண்டாம்; கிழக்கு–மேற்காகவும் வடக்கு–தெற்காகவும் பாகையின் நீளம் ஒன்றல்ல. பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் குறிக்கும் யூடிஎம் முறையின் 43 வடக்கு மண்டலத்துக்கு, அதாவது மென்பொருள்களில் ஈபிஎஸ்ஜி 32643 என்ற குறியீட்டு எண் கொண்ட முறைக்கு, தரவை மாற்றியபின் அளந்தால் விடை மீட்டரிலேயே வரும். நீலகிரி, பழனி மலைகள் இரண்டுமே இந்த மண்டலத்துக்குள் அடங்கும்.

உயரத்தைப் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது; ஆனால் கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, பல்சக்கரத் தண்டவாளம் உள்ள பகுதியில், மிகக் கடுமையான ஏற்றம் 12.5 மீட்டருக்கு ஒரு மீட்டர். அங்கேகூட ஒரு கிலோமீட்டர் கிடைமட்டத் தூரத்துக்குச் சாய்வினால் கூடுவது சுமார் 3 மீட்டர்தான். மாறாக, செயற்கைக்கோள் உயரத் தரவை அவசரமாகச் சேர்த்தால் தீங்கே விளையும்: 30 மீட்டர் கட்டங்களால் ஆன அத்தரவு, பாதையிலுள்ள 16 சுரங்கங்களிலும் தண்டவாளத்தின் உயரத்தை விட்டுவிட்டு மேலிருக்கும் குன்றின் உயரத்தையே தருவதால், கோடானது பாதையில் இல்லாத மேடுகளில் ஏறி இறங்கி நீளம் பொய்யாகப் பெருகும்.

இந்தப் பாதையில் ஆராயத்தக்கது அதன் வளைவுதான் என்பது என் கருத்து. இரு முனைகளுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் 30 கிலோமீட்டருக்கும் குறைவு. பாதையோ அதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல். மோமெபி என்ற பைத்தான் நூலகம் இந்த விகிதத்தை ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே தரும். பாதை எங்கே நேராக ஓடுகிறது, எங்கே மலையைச் சுற்றுகிறது என்பதை அதைக்கொண்டே வரைபடமாக்கலாம்.

கேள்வி: சோலைக்காட்டு நடைபாதையைக் கைப்பேசி ஜிபிஎஸ்ஸில் பதிந்தால், நாடா பிடித்து அளந்ததைவிட நீளம் கூடுகிறதே, ஏன்?
— ஆசிரியர், கொடைக்கானல்

பதில்: மரக்கூரையும் மலைச்சரிவும் சமிக்ஞையைத் தடுத்தும் திருப்பியும் விடுவதால் ஒவ்வொரு புள்ளியும் சில மீட்டர் விலகி விழுகிறது, அந்தக் கோணல்மாணல் அனைத்தும் நீளத்தில் சேர்கிறது. நீங்கள் நின்று இளைப்பாறும்போதும் புள்ளிகள் அலைகின்றன. அவற்றை, நகர்வுத் தடங்களை ஆராயும் மூவிங்பாண்டாஸ் என்ற பைத்தான் நூலகத்தின் நிறுத்தம் கண்டறியும் வசதியால் முதலில் நீக்குங்கள். பின்னர் மீட்டர் அளவுக்கு மாற்றி, ஷேப்லி என்ற வடிவியல் நூலகத்தின், தேவையற்ற புள்ளிகளைக் களைந்து கோட்டை எளிமையாக்கும் கட்டளையை 5 மீட்டர் வரம்பில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் கியூஜிஐஎஸ்ஸில் பழைய கோட்டின்மேல் வைத்துப் பாருங்கள். ஒரு கொண்டை ஊசி வளைவாவது மழுங்கத் தொடங்கினால் வரம்பு மிஞ்சிவிட்டது; அதற்கு முந்தைய அளவையே கொள்ளுங்கள்.