தீக்காயத்தில் செத்த தோலை என்சைம் மருந்து போட்டு எடுப்பது நல்லதா, வெட்டி எடுப்பதுதான் சரியா?

இதைக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் வீட்டில் யாரோ தீக்காயப் பிரிவில் இருக்கிறார்கள், கையெழுத்துப் போடச் சொல்லிப் படிவம் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நானும் அப்படி நின்றவள். என் தம்பியின் வலது புறங்கை கொதிநீரில் வெந்துபோனது.

"மருந்து தடவுவதுதானே, வலிக்காது" என்று அவனிடம் சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது. கடுமையாக வலிக்கும். கையை மரத்துப்போக வைக்கும் ஊசி போட்ட பிறகுதான் தொடங்கினார்கள். வலிக்கு என்ன தருவீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

அவனுக்குப் போட்டது அன்னாசித் தண்டிலிருந்து எடுக்கும் புரோமலைன் என்ற என்சைம், அதாவது செத்த தோலைக் கரைக்கும் புரதம். கொப்புளங்களை நீக்கி, கிருமிநாசினியில் நனைத்த துணியை இரண்டு மணி நேரம் வைத்தார்கள். அப்புறம் மருந்தைக் கனமாகப் பூசி, நான்கு மணி நேரம் இறுக மூடினார்கள். முனை மழுங்கிய கருவியால் வழித்தபோது செத்த தோல் கூழாக வந்தது. அடியில் புள்ளி புள்ளியாக ரத்தம் கசிந்தது. உயிருள்ள தோல் மிச்சம் இருப்பதற்கு அதுதான் அடையாளம் என்றார் மருத்துவர். கத்தி வைத்தால் அதிலும் கொஞ்சம் போய்விடுமாம். புறங்கைத் தோல் மெல்லியது, அதற்குக் கீழேயே தசைநாண்கள். அங்கே அந்தக் கொஞ்சம் ரொம்பப் பெரிது.

அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ரசாயனக் காயத்துக்கு இந்த மருந்து கிடையாது. முழு ஆழத்துக்கு வெந்த இடத்தில் பிறகு தோல் ஒட்டுதான் வழி. தம்பிக்கும் சுண்டுவிரல் பக்கம் வைத்தார்கள். சோதனை மருந்து என்று பயமுறுத்துவார்கள். ஐரோப்பாவில் 2012இலும் அமெரிக்காவில் 2022இலும் ஒப்புதல் பெற்றது. அன்னாசி, பப்பாளி ஒவ்வாமை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஏற்கெனவே வெள்ளி கலந்த களிம்பு போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், அது என்சைமின் வேலையைக் கெடுக்கும். தயவுசெய்து பழத்தை அரைத்து யாரும் காயத்தில் வைத்துவிடாதீர்கள். கொலாஜினேஸ் களிம்பும் என்சைம்தான், ஆனால் தினமும் போட வேண்டும், மெதுவாகத்தான் கரைக்கும். எதைப் போடப் போகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் காயத்தை விசாரிக்கவில்லை, "யார் கவனக்குறைவு?" என்றுதான் விசாரித்தார்கள். பாத்திரம் நழுவியது அம்மாவின் கையிலிருந்து. அவர் முகத்துக்கு நேரே கேட்டார்கள். இரண்டு நாள் அம்மா தம்பியின் படுக்கைப் பக்கமே வரவில்லை.