வாட்டர் எப்போது வினைச்சொல் ஆகிறது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பெரம்பூரில் இருக்கிறேன். தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள். மகன் ஆறாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். போன வாரப் பரீட்சையில் ‘மை மதர் வாட்டர்ஸ் த பிளாண்ட்ஸ்’ என்று ஒரு வாக்கியம். ‘வாட்டர்ஸ்’ என்ன என்று கேட்டதற்கு நவுன் என்று எழுதியிருக்கிறான். தப்பு போட்டுவிட்டார்கள். பொருளின் பெயர் நவுன் என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். தண்ணீர் பொருள்தானே? இன்னொன்று, அவன் புத்தகத்தில் பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் எட்டு. அக்கா மகளுக்கு டியூஷனில் ஒன்பது என்கிறார்களாம். எது சரி? ஸ்கூலில் போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

ஒரு வாசகி, பெரம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் எழுதிய விடை தவறுதான். ஆனால் அவன் அப்படி எழுதியதில் ஒரு நியாயம் இருக்கிறது. அவன் தமிழில் யோசித்திருக்கிறான்.

ஆங்கிலச் சொல்லை வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். ஃபோன் பண்ணு, டிக்கெட் புக் பண்ணு, கதவை லாக் பண்ணு. ஃபோன், புக், லாக் மூன்றும் ஆங்கிலத்தில் எந்தத் துணையும் இல்லாமல் வினையாக வரும். தமிழ் அதற்கு இடம் கொடுப்பதில்லை. வந்த சொல்லைப் பெயர்போல உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு ‘பண்ணு’வை வைத்துவிடுகிறது. எப்போது செய்தது, யார் செய்தது என்பதையெல்லாம் அந்தப் ‘பண்ணு’தான் காட்டும்: பண்ணினேன், பண்ணுவாள். தண்ணீரும் அப்படியே. செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். ‘செடியைத் தண்ணீரினாள்’ என்று யாரும் சொல்லமாட்டோம். ஆங்கிலத்தில் அந்த ‘ஊற்று’ தேவையில்லை, வாட்டரே வினையின் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

அதனால் ஆங்கிலச் சொல்லைத் தனியே எடுத்துவைத்து இது நவுனா வெர்ப்பா என்று கேட்காதீர்கள். வாக்கியத்துக்குள் அது என்ன வேலை பார்க்கிறது என்று கேளுங்கள். வாக்கியத்தை நேற்று நடந்ததாக மாற்றச் சொல்லுங்கள்: ‘யெஸ்டர்டே மை மதர் வாட்டர்டு த பிளாண்ட்ஸ்’. காலம் மாறும்போது சொல்லின் உருவமும் மாறுகிறது, எனவே வெர்ப். ‘த வாட்டர் இஸ் கோல்ட்’ என்னும்போது முன்னால் ‘த’ நிற்கிறது, யாரும் எதையும் ஊற்றவில்லை. அங்கே அது நவுன்.

நான் படித்தபோது எட்டு வரையறைகளையும் வகுப்பில் வரிசையாக ஒப்பித்தோம். ஒரே சொல்லை இரண்டு வாக்கியத்தில் வைத்து யாரும் காட்டவில்லை. ‘தட்’ என்ற சின்னச் சொல் எனக்குப் பிடிபட வெகுநாள் ஆனது. ‘தட் பஸ்’ என்றால் அந்த பஸ். பள்ளிப் புத்தகம் இதை அட்ஜெக்டிவ் என்னும். ‘தட் இஸ் மை பஸ்’ என்றால் அது என் பஸ். இது ப்ரோநவுன். ‘ஐ நோ தட் த பஸ் இஸ் லேட்’ என்றால் பஸ் லேட் என்று எனக்குத் தெரியும். இது கன்ஜங்ஷன். அந்த, அது, என்று. தமிழில் மூன்று தனிச் சொற்கள் செய்யும் வேலையை அங்கே ஒரே சொல் இடம் மாறி மாறி நின்று செய்துவிடுகிறது. தமிழில் சொன்னதும் மகனுக்கு வித்தியாசம் தெரிந்துவிடும். தமிழைத் தள்ளிவைத்துவிட்டு ஆங்கில இலக்கணம் படிக்கவேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

‘ஃபாஸ்ட்’டும் இப்படித்தான். பீச்சிலிருந்து தாம்பரம் போகும் ஃபாஸ்ட் டிரெயின் என்றால் வேகமான ரயில், அட்ஜெக்டிவ். ‘த டிரெயின் ரன்ஸ் ஃபாஸ்ட்’ என்றால் வேகமாக, அட்வெர்ப். நமக்கு ‘ஆன’, ‘ஆக’ என்று வால் இருக்கிறது. ஆங்கிலத்தில் பல அட்வெர்ப்களுக்கு ‘லி’ என்ற வால் உண்டு, ஃபாஸ்ட்டுக்குக் கிடையாது.

சரி, எட்டா ஒன்பதா? இரண்டும் சரி. உங்கள் மகன் புத்தகம் எ, ஆன், த மூன்றையும் அட்ஜெக்டிவ் கணக்கில் சேர்த்திருக்கும். டியூஷனில் அவற்றை ஆர்ட்டிகிள் என்று தனி வகையாக எண்ணியிருப்பார்கள். பழைய கிரேக்க இலக்கணத்தில் சொல்வகை எட்டு, அதில் ஆர்ட்டிகிளும் ஒன்று. லத்தீனில் ஆர்ட்டிகிளே கிடையாது. அதை எடுத்துவிட்டு, ‘ஐயோ’, ‘ஆஹா’ மாதிரியான சொற்களைத் தனி வகையாக்கி அவர்களும் எட்டு என்றே வைத்துக்கொண்டார்கள். அட்ஜெக்டிவை வெகுகாலம் நவுனோடுதான் சேர்த்திருந்தார்கள். தொல்காப்பியமோ சொல் என்பது பெயர், வினை இரண்டே என்று சொல்லிவிட்டு, இடைச்சொல்லும் உரிச்சொல்லும் அவற்றைச் சார்ந்து வரும் என்கிறது. எண்ணிக்கை இலக்கணம் எழுதுகிறவர் வகுத்துக்கொள்வது. பரீட்சைக்கு அவனுடைய புத்தகம் சொல்லும் எட்டையே எழுதட்டும்.

ஸ்கூலுக்குத் தயங்காமல் போங்கள். மார்க் கேட்கவேண்டாம். வகுப்பில் ஒரு சொல்லுக்கு இரண்டு வாக்கியமாகச் சொல்லித்தர முடியுமா என்று மட்டும் கேளுங்கள். அதுவரை வீட்டிலேயே செய்யலாம். நாளைக் காலை அவன் பல் தேய்க்கும்போது, கையில் இருக்கிற பிரஷ் என்ன, ‘ஐ பிரஷ் மை டீத்’ என்பதில் வருகிற பிரஷ் என்ன என்று கேட்டுப் பாருங்கள்.