'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

சினிமாப் பாட்டைத் தாண்டி ஒரு தமிழ் இசைக்குழுவுக்கு இத்தனை தீவிர ரசிகர்கள் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். விடை வடசென்னைக் கானாவில் இருக்கிறது.

ராயபுரம், வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் சாவு வீட்டில் இரவெல்லாம் கானா பாடுவார்கள். இறந்தவரின் குணம், குடும்பம், பசி, காதல் எல்லாம் அதில் வரும். அதைப் பாடியவர்களுக்குச் சபாக்கள் கதவு திறந்ததில்லை. சினிமா எடுத்துக்கொண்டது, ஆனால் பெரும்பாலும் குத்துப்பாட்டாக மட்டும்.

2017-இல் திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து இந்தக் குழுவை உருவாக்கினார்கள். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. 19 கலைஞர்கள், கோட்டு சூட்டில். சட்டி, கட்டமோளம், பறை என்ற தாளக்கருவிகளோடு எலெக்ட்ரிக் கிட்டாரும் ராப்பும். பெயருக்கு மூலம், சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற சிந்தனை. இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, ஆணவக்கொலை என்று அவர்கள் பாடியதை அதற்கு முன் எந்த மேடையிலும் அவ்வளவு துணிச்சலாக நான் கேட்டதில்லை.

என் பார்வையில் பெரிய மாற்றம் குழுவின் பாடகி இசைவாணி. ஆண்களே நிறைந்திருந்த கானாவில் ராயபுரத்துப் பெண்குரல்! 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார். குழுவில் ராப் பாடிய அறிவு என்ற கலைஞர் பின்னர் உலகம் முழுக்கத் தெரிந்தார்.

யூடியூபோடு நிறுத்தாமல் நேரில் கேளுங்கள். சட்டியின் அடி ஸ்பீக்கரில் பாதிதான் வரும்.