எடை கூடுகிறது, பில்லும் கூடுகிறது: நகையை விற்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 33. ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. கைக்கு 52,000 ரூபாய் வரும். மனைவி அங்கேயே ஒரு ஜவுளி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். சம்பளம் 19,000 ரூபாய், அதில் பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் போகும். வளைகாப்புக்காகச் சொந்த ஊரான மதுரைக்கு வந்த இடத்தில், 29ஆவது வாரத்திலேயே அறுவை சிகிச்சை செய்து இரட்டைக் குழந்தைகளை எடுக்கும்படி ஆகிவிட்டது. பெண் 1,180 கிராம், பையன் 1,020 கிராம். இருவரும் தனியார் மருத்துவமனையின் என்ஐசியுவில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) 19 நாள்களாக இருக்கிறார்கள். வென்டிலேட்டரில் இருந்தபோது ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 28,000 ரூபாய், சிபாப்பில் (மூக்கு வழியே காற்றழுத்தம் கொடுத்து மூச்சுக்கு உதவும் கருவி) 18,000, அதுவும் எடுத்த பிறகு 9,000. பெண் இப்போது 1,310 கிராம், குழாய் வழியே பால் குடிக்கிறாள். பையன் 1,110 கிராம், இன்னும் சிபாப்பில்தான்.

இதுவரை பில் 7.6 லட்சம். சேமிப்பிலிருந்து 2.5 லட்சமும் கிரெடிட் கார்டில் 1 லட்சமும் கட்டிவிட்டேன். என் கம்பெனியின் குழுக் காப்பீடு குடும்பத்துக்கு 5 லட்சம். ஆனால் மகப்பேறு வரம்பு 75,000 மட்டுமே, குழந்தைகள் செலவும் அதற்குள்தான் என்று சொல்லிக் கைவிரித்துவிட்டார்கள். மியூச்சுவல் ஃபண்டில் 2.3 லட்சம், மனைவியிடம் 14 சவரன் நகை, அப்பா பெயரில் 60 சென்ட் தோட்டம் இருக்கின்றன. நகையை விற்பதா, தோட்டத்தை விற்பதா? அரசு மருத்துவமனைக்கு மாற்றிவிடு என்கிறார்கள் உறவினர்கள். தினமும் எடை எத்தனை கிராம் என்று கேட்பதற்கு முன்பே பில் எவ்வளவு என்றுதான் வாய் வருகிறது. வெட்கமாக இருக்கிறது.

பதில்: வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் மருத்துவமனையின் கட்டணத்தைப் பாருங்கள்: 28, 18, 9. குழந்தை மூச்சுக்கருவியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்க இறங்கப் பில்லும் இறங்குகிறது. எனவே பணத்தைப் பற்றிக் கேட்பதும் குழந்தையைப் பற்றிக் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விதான். மாலையில் மருத்துவரைப் பார்க்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: மூச்சுக்கு இப்போது என்ன துணை, ஒரு வேளைக்கு எத்தனை மில்லி பால், எடை எத்தனை. எடையை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். குறைமாதக் குழந்தை முதல் பத்துப் பதினைந்து நாளில் பிறந்த எடைக்கும் கீழே போய்த்தான் திரும்பும். உங்கள் இருவரும் அந்தப் பள்ளத்தைத் தாண்டிவிட்டார்கள்.

இனிமேல் கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 15 கிராம் கூட வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு. அந்த வேகத்தில் பெண், வீட்டுக்கு அனுப்ப யோசிக்கும் எடையான 1,800 கிராமைத் தொட மூன்றிலிருந்து நான்கு வாரம் ஆகும், பையனுக்கு ஐந்து வாரம். எடை மட்டும் போதாது; உடல் சூட்டைத் தானே காக்க வேண்டும், வாயால் உறிஞ்சிக் குடிக்க வேண்டும், இடையில் மூச்சு நிற்காமல் சில நாள் கழிய வேண்டும். ஆகவே வீட்டுக்கு அனுப்பும் நாளை மருத்துவர் சொல்லட்டும்; பணத்துக்கு மட்டும் இப்படித் திட்டமிடுங்கள். பெண்ணுக்கு 25 நாள், 9,000 வீதம் 2.25 லட்சம். பையனுக்கு ஒரு வாரம் 18,000, நான்கு வாரம் 9,000 என்றால் 3.78 லட்சம். சேர்த்து 6 லட்சம். நடுவில் ஒரு தொற்று வந்தால் திரும்பவும் ஒரு படி மேலே போக நேரும். அதற்கென ஒரு லட்சம் தனியே. ஏற்கெனவே நிற்கும் பாக்கி 4.1 லட்சம். ஆக இன்னும் 11 லட்சம் வேண்டும் என்று வையுங்கள்.

பயப்பட வைக்கும் தொகைதான். ஆனால் விற்பதைப் பற்றி யோசிப்பதற்கு முன், உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு சொல்லில் என் கண் நின்றது. இஎஸ்ஐ. தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு அது. உங்கள் மனைவியின் சம்பளத்தில் 0.75 சதவீதம், மாதம் 143 ரூபாய் பிடித்திருப்பார்கள். அவள் காப்பீட்டாளர் என்றால் பிறந்த நாளிலிருந்தே குழந்தைகள் அவளைச் சார்ந்தவர்கள். அவர்களுடைய சிகிச்சைக்கு இஎஸ்ஐயில் இடமுண்டு. இஎஸ்ஐ மருந்தகத்தில் காட்டி, அவர்கள் எழுதித் தரும் பரிந்துரையோடு ஒப்பந்த மருத்துவமனைக்குப் போவதே முறையான வழி. அவசரத்தில் நேராகத் தனியாரிடம் சேர்த்தவர்களும் பில்லைக் கொடுத்துத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். முழுத் தொகையும் வராது. அரசு நிர்ணயித்த கட்டணம் வரைதான், அதுவும் தாமதமாக. ஒரே பில்லுக்குக் காப்பீட்டு நிறுவனத்திடமும் இஎஸ்ஐயிடமும் முழுத் தொகையைக் கேட்கவும் முடியாது. இருந்தாலும் இன்றே தகவல் சொல்லிவிட்டால் இனிவரும் நாள்களாவது இஎஸ்ஐ கணக்கில் போக வாய்ப்பிருக்கிறது. உங்கள் மருத்துவமனை அந்த ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதே இஎஸ்ஐயில் மகப்பேறு விடுப்புக்கு 26 வாரம் முழுச் சம்பளம் உண்டு. பிரசவத்துக்கு முன் எடுக்கக்கூடிய நாள்கள் எதையும் அவள் எடுக்கவில்லை. அத்தனையும் இப்போது பிந்திய பக்கம் சேரும். 26 வாரத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 1.14 லட்சம் ரூபாய். குறைமாதப் பிரசவத்தால் தாய்க்கு உடல்நலக் குறைவு என்று சான்று இருந்தால் மேலும் ஒரு மாதம் வரை கிடைக்கும். இதைப் பலர் கேட்பதே இல்லை. குழந்தைகள் எட்டு வாரம் மருத்துவமனையிலேயே இருந்துவிட்டால், வீட்டில் அவர்களோடு இருக்க 18 வாரம்தான் மிஞ்சும். அந்த ஒரு மாதம் அப்போது தங்கம்.

அடுத்தது உங்கள் கம்பெனிக் காப்பீடு. கைவிரித்தார்கள் என்கிறீர்கள். யார், வாயால் சொன்னார்களா, எழுதிக் கொடுத்தார்களா? மருத்துவமனைக் காப்பீட்டு மேஜையில் இருப்பவர் சொல்வது பாலிசி ஆகாது. மனிதவளப் பிரிவிடம் பாலிசியின் நகலையே கேட்டு வாங்குங்கள். குழுக் காப்பீடுகள் பலவற்றில், பிறந்த நாளிலிருந்தே குழந்தைக்குக் குடும்பத் தொகைக்குள் காப்பு என்று தனி விதி இருக்கும். மகப்பேறு வரம்பு தாயின் பிரசவச் செலவுக்கு மட்டும். சிலவற்றில் இரண்டும் ஒரே வரம்புக்குள் என்று தெளிவாகவே எழுதியிருப்பார்கள், அப்படியென்றால் வாதாடிப் பயனில்லை. முதல் வகையாக இருந்தால் 75,000 போக 4.25 லட்சம் உங்களுடையது.

ஆனால் அதற்குக் குழந்தைகளின் பெயர் பாலிசியில் ஏறியிருக்க வேண்டும். பிறந்து இத்தனை நாளுக்குள் என்று கெடு இருக்கும். பெரும்பாலும் 30 நாள். உங்களுக்கு 19 ஓடிவிட்டன. பெயர் வைக்கவில்லையே என்று காத்திருக்காதீர்கள். காலில் கட்டியிருக்கும் பட்டையில் உள்ளபடி, இன்னாரின் முதல் குழந்தை, இரண்டாம் குழந்தை என்று மருத்துவமனை தரும் பிறப்புச் சான்றோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். பிறப்புப் பதிவுக்கு 21 நாள், பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். அந்த மின்னஞ்சலிலேயே இன்னொன்றும் கேளுங்கள்: கார்ப்பரேட் பஃபர் உண்டா? ஊழியர்களுக்குப் பெரிய செலவு வந்து அவரவர் தொகை தீர்ந்துபோனால் கொடுப்பதற்கென்று கம்பெனிகள் சில ஒரு பொதுத்தொகை வாங்கி வைத்திருக்கும். நிர்வாகம் ஒப்புக்கொண்டால் கிடைக்கும். யாரும் தாமாக வந்து சொல்லமாட்டார்கள்.

விதி உங்கள் பக்கம் இருந்தும் மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கிக் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் சரியில்லையென்றாலோ சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. அசல் ரசீதுகளை ஒரு பையில் போட்டு மாமியாரிடமோ அம்மாவிடமோ கொடுத்துவையுங்கள். உங்கள் சட்டைப் பையில் வேண்டாம்.

அரசு மருத்துவமனை பற்றி. உறவினர்கள் சொல்வதில் பாதி சரி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உங்களுக்குப் பொருந்தாது, ஆண்டு வருமானம் 1.2 லட்சத்தைத் தாண்டுகிறது. ஆனால் அரசு மருத்துவமனையில் நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு ஒரு வயதுவரை சிகிச்சை இலவசம்; அதற்கு வருமான வரம்பு இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது, பலவற்றில் தாய்ப்பால் வங்கியும் உண்டு. இருந்தும் பையன் சிபாப்பில் இருக்கும் இன்று, பணத்துக்காக மட்டும் அவனை நகர்த்தாதீர்கள். அவன் அதிலிருந்து வெளியே வந்து, இருவரும் பால் குடித்து எடை கூட்டும் கட்டத்துக்கு வந்ததும் கேளுங்கள். அந்தக் கட்டத்தில் அவர்களுக்கு வேண்டியது சூடு, தாய்ப்பால், தொற்றில்லாத கை, அம்மாவின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டும் கங்காரு பராமரிப்பு. இதற்கு இருவருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 18,000 ரூபாய் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. இப்படி மூன்று வாரச் செலவு மிச்சமானால் 3.78 லட்சம். இரு மருத்துவமனை மருத்துவர்களும் தங்களுக்குள் பேசி, அங்கே இடம் உறுதியான பிறகு, முழு சிகிச்சைக் குறிப்போடு, பச்சிளங்குழந்தைகளுக்கான 108 ஆம்புலன்ஸில் போக வேண்டும். மருத்துவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கையெழுத்துப் போட்டுத் தூக்கிக்கொண்டு போவது மட்டும் கூடாது.

மாற்றும்போது தவறிப்போகிற ஒன்று உண்டு: கண் பரிசோதனை. 1,200 கிராமுக்கும் குறைவாகப் பிறந்த குழந்தைகளின் விழித்திரையைப் பிறந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் பார்த்தாக வேண்டும்; விட்டுவிட்டால் பார்வையே போகலாம். உங்கள் இருவருக்கும் அந்த நேரம் வந்துவிட்டது; பார்த்தாயிற்றா என்று இன்றே கேளுங்கள். செலவு சொற்பம். மதுரைக்காரருக்கு அரவிந்த் கண் மருத்துவமனையை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நகையை விற்காதீர்கள், செய்கூலியும் சேதாரமும் அப்படியே போகும். வங்கியில் அடகு வையுங்கள். 3 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 9 சதவீதம் என்றால் மாதம் 2,250 ரூபாய். வந்த பணத்தில் முதலில் கிரெடிட் கார்டுக் கடனை அடைத்துவிடுங்கள், மாதம் 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42, அது கந்துவட்டிக்குப் பக்கத்து வீடு. மியூச்சுவல் ஃபண்டை முழுவதும் எடுத்துவிடுங்கள். சந்தை இறங்கியிருக்கிறதா என்று பார்க்கும் நேரமில்லை இது. உங்கள் பிஎஃபிலிருந்தும் மருத்துவச் செலவுக்கு முன்பணம் கேளுங்கள், அதைத் திருப்பிக் கட்ட வேண்டாம். நண்பர்கள் கடன் தந்தால் வங்கி வழியாகவே வாங்குங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு.

தோட்டத்தை இந்த மாதம் தொடாதீர்கள். அவசரக்காரன் நிலம் என்று தெரிந்தால் ஊரே விலையைக் குறைத்துக் கேட்கும், பத்திரம் முடிந்து பணம் கைக்கு வருவதற்குள் குழந்தைகள் வீட்டுக்கே வந்திருப்பார்கள். காப்பீடு, இஎஸ்ஐ இரண்டும் பொய்த்து, அரசு மருத்துவமனையிலும் இடமில்லை என்றான பிறகு அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள்.

மனைவியின் இஎஸ்ஐ அட்டை ஓசூர் வீட்டில்தான் இருக்கும். எந்த அலமாரியில் என்று அவளிடம் இன்றிரவே கேளுங்கள். கிடைக்காவிட்டால் சம்பளச் சீட்டிலும் அந்த எண் இருக்கும்.