ஆறு வருட இடைவெளியை ரெஸ்யூமில் மறைக்க வேண்டுமா?

கேள்வி: நான் பி.காம். முடித்தவள், வயது 35. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் அக்கவுன்ட்ஸ் பிரிவில் 2013 முதல் 2019 வரை வேலை பார்த்தேன். இரண்டாவது குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டேன். இப்போது சின்னவளும் பள்ளிக்குப் போகிறாள். ஒரு வருடமாகக் கொழுந்தனார் கடையின் ஜி.எஸ்.டி. கணக்கை வீட்டிலிருந்தே பார்த்துக் கொடுக்கிறேன். மூன்று மாதமாக வேலைக்கு விண்ணப்பித்து வருகிறேன், ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. பிரவுசிங் சென்டரில் அடித்துக் கொடுத்த ரெஸ்யூமை இணைத்திருக்கிறேன். இடைவெளியை எப்படி மறைப்பது? தெரிந்தவர் ஒருவர், 2019-லிருந்து தன்னிடம் வேலை பார்த்ததாகத் தன் கம்பெனி லெட்டர்ஹெட்டில் சான்றிதழ் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? என் ஆங்கிலம் சுமார்தான், அதனால்தான் கூப்பிடவில்லையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்: அந்தச் சான்றிதழை வாங்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதையெல்லாம் திருத்திக்கொள்ளலாம், இது ஒன்றைச் செய்துவிட்டால் திருத்த முடியாது.

பழைய நிறுவனத்தில் உங்களுக்கு பி.எஃப். பிடித்திருப்பார்கள். அந்த யூ.ஏ.என். எண், அதாவது வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். அடையாள எண், இன்றும் உங்களுடையதுதான். புதிய இடத்தில் சேரும் நாளன்றே அதைக் கேட்பார்கள். பழைய பி.எஃப். விவரத்தைப் படிவம் 11-இல் எழுதிக் கையெழுத்தும் போட வேண்டியிருக்கும். பி.எஃப். இணையதளத்தில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்தால் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எந்தத் தேதியில் விலகினீர்கள் என்று வரிசையாக வந்துவிடும். 2019-க்குப் பிறகு அங்கே ஒன்றும் இருக்காது. சில இடங்களில் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும், சம்பளம் ஏறிய வங்கி ஸ்டேட்மென்ட்டும் கேட்பார்கள். லெட்டர்ஹெட் கொடுப்பவரால் இவற்றைக் கொடுக்க முடியாது. அதைவிட முக்கியம், நீங்கள் போகப்போவது கணக்கு வேலைக்கு. பணமும் வங்கிப் பாஸ்வேர்டும் உங்கள் கைக்கு வரும். முதல் காகிதத்திலேயே பொய் என்று தெரிந்தால், அதற்கப்புறம் நீங்கள் எவ்வளவு சுத்தமாகக் கணக்கு எழுதினாலும் நம்ப மாட்டார்கள்.

இனி இடைவெளி. அதை மறைக்க வேண்டாம், விளக்கவும் வேண்டாம். ஒரே வரியில் எழுதுங்கள்: "2019 – 2024: குழந்தை வளர்ப்புக்காக வேலையிலிருந்து விலகியிருந்தேன்." அதற்கு மேலே, "2024 முதல்: சில்லறை வியாபாரக் கடை ஒன்றுக்குப் பகுதிநேரமாக ஜி.எஸ்.டி. கணக்கும் ரிட்டர்னும்." கொழுந்தனார் கடை என்று எழுதத் தேவையில்லை. நேரில் கேட்டால் சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாதாமாதம் ரிட்டர்ன் போட்டிருக்கிறீர்கள், அது வேலை. உங்கள் ரெஸ்யூமில் இந்த ஒரு வருடத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாததைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. பிள்ளைகளை வளர்த்த வருடங்களை மறைக்க வழி தேடிய நீங்கள், வேலை செய்த வருடத்தையும் சேர்த்து மறைத்துவிட்டீர்கள்.

யாரும் கூப்பிடாததற்கு இடைவெளி காரணம் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் அனுப்பிய மூன்று பக்கங்களை அப்படியே வாசித்தேன். முதல் பக்கத்தின் மேல்பாதியில் புகைப்படம், அதன்கீழ் 'கேரியர் ஆப்ஜெக்டிவ்' என்று நான்கு வரி. சவாலான சூழலில் பணிபுரிந்து நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் தன் வளர்ச்சிக்கும் பாடுபடுவது என்று அதில் இருக்கிறது. அந்தச் சென்டரில் அடித்த எல்லா ரெஸ்யூமிலும் இதே வரிதான் இருக்கும். பிறகு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்று மதிப்பெண் அட்டவணை. அடுத்த பக்கத்தில் பலங்கள்: கடின உழைப்பு, நேர்மை, நேரம் தவறாமை. மூன்றாம் பக்கம் அப்பா பெயர், கணவர் பெயர், மதம், பாட்டுக் கேட்பது, முழு முகவரி, ஆதார் எண், கடைசியில் மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று உறுதிமொழி.

ஆறு வருட வேலைக்கு எவ்வளவு இடம் தெரியுமா? ஒரே வரி. "அக்கவுன்ட்ஸ் சம்பந்தமான வேலைகளுக்குப் பொறுப்பு."

குறை இங்கேதான். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் ஆறு வருடம் கணக்குப் பார்ப்பது என்றால் என்னவென்று அந்த வரியைப் படிப்பவருக்கு எப்படித் தெரியும்? ஒரே ஆர்டருக்கு நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரின்டிங், எம்பிராய்டரி, ஸ்டிச்சிங் என்று வெளியே எத்தனை ஜாப் ஒர்க் யூனிட்டுகள்! ஒவ்வொன்றிலிருந்தும் பில் வரும். அந்த பில்லை, சரக்கோடு போகும் டெலிவரி சலானான டி.சி.யோடு வைத்து, போன கிலோவும் வந்த கிலோவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தவர் யார்? சனிக்கிழமை சம்பளத்துக்கு ஷிஃப்ட் கணக்கையும் பீஸ் ரேட்டையும் கூட்டிக் கொடுத்தவர் யார்? ஏற்றுமதிக்கு அரசு திருப்பித் தரும் வரியான டிராபேக் வந்து சேர்ந்ததா என்று ஷிப்பிங் பில் வாரியாகப் பார்த்தது, ஏற்றுமதிக்கு முன் தரும் கடனான பேக்கிங் கிரெடிட்டுக்கு வங்கி கேட்ட ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டைத் தயார் செய்தது, இவற்றிலெல்லாம் உங்கள் பங்கு எது?

இன்னொன்றும் இருக்கிறது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தீர்கள். பழைய விற்பனை வரியான வாட் கணக்கை மூடி, கையிருப்பிலிருந்த கிரெடிட்டை டிரான்-1 படிவத்தில் கொண்டுவந்து, வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் போட்டு, தேங்கிய இன்புட் கிரெடிட்டை (வாங்கும்போது கட்டிய வரிக்கான வரவை) ரீஃபண்டு கேட்டு எல்லோரும் திணறிய காலம் அது. அந்த மாற்றத்தை உள்ளே இருந்து செய்தவர்கள் இன்றைக்கு வேலை தேடி வரும் இளைஞர்களில் கிடையாது. உங்கள் ரெஸ்யூமில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

அதனால் இன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ரெஸ்யூமை மறந்துவிடுங்கள். அந்த ஆபீஸில் ஒரு மாதம் எப்படிப் போகும் என்று தேதி வாரியாக எழுதுங்கள். 7-ஆம் தேதிக்குள் டி.டி.எஸ். (பிடித்தம் செய்த வருமான வரி) கட்டியது, விற்பனை விவர ரிட்டர்னான ஜி.எஸ்.டி.ஆர்-1, 15-ஆம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20-ஆம் தேதி வரி கட்டும் ரிட்டர்னான 3பி, மாதக் கடைசியில் நம் கணக்கை வங்கிக் கணக்கோடு ஒப்பிடும் வங்கி ரீகன்சிலியேஷன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: எவ்வளவு, எதில் செய்தீர்கள், தனியாகவா மேலே ஒருவர் இருந்தாரா. நாலைந்து பக்கம் வரும். அதிலிருந்து பொறுக்கி எடுத்தால் அந்த ஒரே வரி இப்படி மாறும்:

"மாதம் சுமார் இத்தனை ஜாப் ஒர்க் பில்களை டி.சி.யுடன் சரிபார்த்து டாலியில் பதிவு செய்தேன். இத்தனை தொழிலாளர்களுக்கு வாரச் சம்பளக் கணக்கு தயாரித்தேன். ஜி.எஸ்.டி.ஆர்-1, 3பி இரண்டையும் ஆடிட்டர் பார்வைக்கு முன் முழுவதும் நானே தயாரித்தேன். 2017-இல் வாட்டிலிருந்து ஜி.எஸ்.டி.க்கு மாறிய வேலையில் இன்ன பகுதி என்னுடையது."

'இத்தனை' என்ற இடத்தில் உங்களுக்கு நினைவிருக்கும் எண்ணைப் போடுங்கள். நிச்சயமாகத் தெரியாவிட்டால் 'சுமார்' என்று சேர்த்து, குறைத்தே சொல்லுங்கள். மேலே ஒரு சீனியர் இருந்து நீங்கள் உதவி மட்டும் செய்திருந்தால் உதவினேன் என்றே எழுதுங்கள். கணக்கு மேனேஜர் முதல் கேள்வியிலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார். நேர்மை, கடின உழைப்பு என்று தனியாகப் பட்டியல் போட வேண்டாம். தேதி தவறாமல் ரிட்டர்ன் போட்டவர் என்று தெரிந்தால் அவை தானாகத் தெரிந்துவிடும்.

படிப்பவர் மனதில் எழும் கேள்வி குழந்தையைப் பற்றியது மட்டுமல்ல. "2019-இல் நின்றவருக்கு இப்போதைய நடைமுறை தெரியுமா?" என்பதுதான் பெரிய கேள்வி, அது நியாயமானதும்கூட. நீங்கள் விட்டபோது கணக்கு மென்பொருள் டாலி ஈ.ஆர்.பி. 9, அது 2020-இல் டாலி பிரைம் ஆகிவிட்டது. அதே வருடம் ஜி.எஸ்.டி.ஆர்-2பி என்ற மாதாந்திர கிரெடிட் பட்டியல் வந்து, இன்புட் கிரெடிட் சரிபார்க்கும் முறையே மாறியது. 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கும் இ-இன்வாய்ஸ் (அரசு தளத்தில் பதிவு செய்யும் பில்) கட்டாயம். சிறு, குறு யூனிட்டுகளுக்கு அதிகபட்சம் 45 நாள் கெடுவைத் தாண்டிப் பணம் நிறுத்தினால், பணம் கொடுத்த வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும் என்ற வருமான வரி விதி 2023-24 நிதியாண்டிலிருந்து இருக்கிறது. ஜாப் ஒர்க்கை நம்பி நடக்கும் உங்கள் ஊருக்கு இது பெரிய விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18. கடைக் கணக்குப் பார்ப்பதால் இவற்றில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். மீதியை இரண்டு வாரம் உட்கார்ந்து படித்துவிடுங்கள், டாலி பிரைமில் இ-இன்வாய்ஸ் போடுவதைக் கையால் செய்து பாருங்கள். செய்து பார்த்த பிறகு மட்டும் ரெஸ்யூமில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வடிவம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் அனுபவத்துக்கு இரண்டு பக்கம் தாராளம், ஒன்றில் அடங்கினால் இன்னும் நல்லது. மேலே பெயர், செல்போன் எண், மின்னஞ்சல், ஊர். அதன்கீழ் மூன்று வரியில் நீங்கள் யார்: ஏற்றுமதி நிறுவனக் கணக்கில் ஆறு வருட அனுபவம், இன்னின்ன தெரியும், உடனே சேர முடியும். பிறகு வேலை, புதியது முதலில். பிறகு படிப்பு. மதம், கணவர் பெயர், பொழுதுபோக்கு, உறுதிமொழி எல்லாம் போகட்டும். புகைப்படம் கேட்டால் மட்டும் கொடுங்கள். ஆதார், பான் எண்களை இன்றே எடுத்துவிடுங்கள், முன்பின் தெரியாத எத்தனையோ பேர் கைக்குப் போகிற காகிதம் அது. எக்செல் 80 சதவீதம் என்று பட்டை வரைந்து காட்டும் டிசைன்களும் வேண்டாம். எக்செல்லில் வி-லுக்கப், பிவட் டேபிள் போடத் தெரியும் என்று எழுதினால் புரியும்.

ஆங்கிலம் தடையாக இருந்திருக்காது. சென்டர்காரர் எழுதிய அந்த அலங்கார ஆங்கிலத்தைவிட உங்கள் எளிய ஆங்கிலம் நன்றாகவே இருக்கும். 'ஃபைல்டு ஜி.எஸ்.டி.ஆர்-1 அண்ட் 3பி எவ்ரி மன்த்' என்பதுபோல, செய்ததைச் சொல்லும் சொல்லில் ஆரம்பித்துச் சின்ன வரிகளாக எழுதுங்கள். ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை எழுத்துப் பிழை பார்க்கச் சொன்னால் போதும்.

அனுப்பும் இடத்தைப் பொறுத்துச் சின்ன மாற்றம் தேவைப்படும். திருப்பூர் கம்பெனிகளில் பெரும்பாலும் முதலாளியோ அக்கவுன்ட்ஸ் மேனேஜரோ வாட்ஸ்அப்பில், போன் திரையில்தான் பார்ப்பார்கள். அவர்களுக்கு பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள், ஃபைல் பெயர் உங்கள் பெயரும் 'அக்கவுன்ட்ஸ்' என்பதுமாக இருக்கட்டும், கூடவே யார் என்ன வேலைக்கு என்று இரண்டு வரி. கோவையில் உள்ள பெரிய நிறுவனங்களோ நௌக்ரி போன்ற தளங்களோ என்றால், ஆள் எடுப்பவர் சொற்களைப் போட்டுத் தேடுவார். விளம்பரத்தில் 'டாலி பிரைம், டி.டி.எஸ்., இ-இன்வாய்ஸ்' என்று இருந்தால் அதே சொற்கள் உங்கள் ரெஸ்யூமிலும் இருக்க வேண்டும், தெரிந்தவையாக இருந்தால். அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் முகாம்களுக்கு நான்கைந்து பிரதியோடு நேரில் போகலாம், கட்டணம் கிடையாது. பதிவுக் கட்டணம் என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அனுப்புவதற்கு முன் பழைய நிறுவனத்தில் உங்கள் மேலே இருந்தவருக்கு ஒரு போன் செய்யுங்கள். வேலை தேடுவதைச் சொல்லி, யாராவது விசாரித்தால் பேசுவீர்களா என்று கேளுங்கள். விலகியபோது சான்றிதழ் வாங்காமல் வந்திருந்தால் அதையும் இப்போதே கேளுங்கள். 2013 முதல் 2019 வரை என்று அவர்கள் கொடுக்கும் காகிதம் உண்மையானது, உங்களுக்குத் தேவையான சான்றிதழ் அதுதான்.